டெல் அவீவில் ஒரு சாதாரண இஸ்ரேலிய உணவகத்தில் சாப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வேலைக்கோ படிப்புக்கோ டெல் அவீவ் வரும் நம் ஆட்களை முதல் வாரத்தில் வெளியே சாப்பிட அழைத்துப் போவது என் வழக்கம். சாப்பாட்டின் ருசியில் யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை. அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில்தான் தடுமாறுகிறார்கள். தவறான நாளில் கிளம்புகிறார்கள், கடை எந்த வகை என்று பார்க்காமல் உட்காருகிறார்கள், பசி வேகத்தில் முதல் ஐந்து நிமிடத்திலேயே எல்லாவற்றையும் ஆர்டர் செய்துவிடுகிறார்கள்.

ஊரில் அதிகம் காணும் இரண்டு வகைக் கடைகளுக்கானது இந்த வழிகாட்டி. ஒன்று ஹம்முஸ், அதாவது கொண்டைக்கடலை விழுது விற்கும் கடை. மற்றது ‘ஷிபுதியா’, அதாவது கம்பியில் கோத்த இறைச்சியைக் கரியில் சுட்டுத் தரும் கடை. இங்கே சொல்லும் வரிசையிலேயே செய்யுங்கள். முதல் இரண்டு படிகளைத் தாண்டிக் குதித்தால் மற்றவை உதவாது.

1. கிளம்பும் முன் நாளையும் நேரத்தையும் பாருங்கள்

இங்கே வேலை வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி வியாழனோடு முடிகிறது. வெள்ளி மாலை சூரியன் மறைவதிலிருந்து சனி இருட்டும் வரை ஷபாத், ஓய்வு நாள். கோஷர், அதாவது யூத உணவு விதிப்படி நடக்கும் கடை என்ற சான்றிதழ் உள்ள கடைகள் அந்த நேரத்தில் திறக்க முடியாது. வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கே பல கடைகளில் கதவை இழுத்து மூடத் தொடங்கிவிடுவார்கள். சனி இரவு இருட்டியதுமே போய் நின்றால் கரி பற்றியிருக்காது. ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள்.

டெல் அவீவில் கோஷர் அல்லாத கடைகள் நிறைய இருப்பதால் சனிக்கிழமை பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் போய்வர வழி வேண்டும். வழக்கமான பேருந்து, ரயில், 2023இல் ஓடத் தொடங்கிய இலகு ரயில் எதுவும் ஷபாத்தில் கிடையாது. 2019 நவம்பரிலிருந்து வார இறுதிகளில் மாநகராட்சி இலவசச் சிற்றுந்துகள் விடுகிறது. அவை போகும் தடத்தை முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் கடையை முடிவு செய்யுங்கள்.

ஹம்முஸ் கடைக்கு இன்னொரு கணக்கு உண்டு. அது காலை உணவும் மதிய உணவும் கலந்த சமாச்சாரம். இரவு ஊறிய கொண்டைக்கடலையைக் குழைய வேகவைத்து, அன்றன்றைக்கு அரைப்பார்கள். அண்டா காலியானால் அன்றைய வியாபாரம் முடிந்தது. முதல் வருடத்தில் ஒருநாள் மாலை நான்கு மணிக்கு நகரின் பழைய பகுதியான யாஃபாவில் ஒரு கடைக்குப் போனேன். நாற்காலிகள் மேசைகளின் மேல் கவிழ்ந்திருந்தன. ஒருவர் அண்டாவைச் சாய்த்துவைத்து உள்ளே பாதி உடம்பை நுழைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். யாஃபா டால்ஃபின் தெருவில் இருக்கும் அபு ஹசன் போன்ற பேர்போன கடைகளுக்கு மாலையில் போவது வீண் அலைச்சல். பதினொன்றரை மணிக்குள் போனால் வரிசையும் குறைவு, கடலையும் சூடு.

பண்டிகைகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். யூதர்களின் நோன்பு நாளான யோம் கிப்பூர் அன்று நகரமே நின்றுவிடும். பெசாக் (பாஸ்கா) பண்டிகையின் ஏழு நாட்களும் கோஷர் கடைகளில் பீட்டா உட்பட எந்த ரொட்டியும் கிடையாது. ஹோலோகாஸ்ட் நினைவு நாள், போர்வீரர் நினைவு நாள் இரண்டுக்கும் முந்தைய மாலையிலேயே கடைகள் மூடிவிடும். யூத நாட்காட்டியில் நாள் மாலையில் பிறக்கிறது. புதிதாக வருகிறவர்கள் மறக்கும் விஷயம் இதுதான்.

2. கடை எந்த வகை என்று வாசலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்

கதவருகிலோ கல்லாவுக்குப் பின்னாலோ சட்டம் போட்ட சான்றிதழ் தொங்கினால் அது கோஷர் கடை. ரப்பிகள், அதாவது யூத மதகுருக்கள் அமைப்பு தரும் சான்றிதழ் அது. அதில் ‘பசரி’ என்றால் இறைச்சிக் கடை, ‘ஹலவி’ என்றால் பால் கடை. எழுத்து படிக்க வராவிட்டால் “பசரி ஓ ஹலவி?” என்று கேட்டாலே போதும்.

ஏன் இது முக்கியம்? கோஷர் விதிப்படி இறைச்சியும் பாலும் ஒரே சமையலறையில் சேரக்கூடாது. பசரி கடையில் வெண்ணெய், தயிர், பாலாடைக்கட்டி எதுவும் இருக்காது. கபாப் சாப்பிட்டு முடித்த நண்பர் ஒருவர் பால் காபி கேட்டார். பரிமாறியவர் “இல்லை” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனார். நண்பருக்கு முகம் வாடிவிட்டது. பரிமாறியவர் மரியாதைக் குறைவாக எதுவும் சொல்லவில்லை. அந்தக் கடைக்குள் பாலே கிடையாது, அவ்வளவுதான். வெளியே இருந்து பால் காபியோ ஐஸ்கிரீமோ வாங்கிக்கொண்டு உள்ளே போவதும் அதே காரணத்தால் தவறு. அதைக் கடைக்காரர் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்வார்.

சுத்த சைவக்காரர்களுக்கு இதே விதி பெரிய வரம். ஹலவி கடையில் மீன் இருக்கும், முட்டை இருக்கும், ஆனால் இறைச்சியும் கோழியும் அறவே இருக்காது. கரண்டி மாறிவிடுமோ, எண்ணெய் கலந்துவிடுமோ என்ற கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

3. ஐந்தாறு வார்த்தைகளைக் கையோடு கொண்டுபோங்கள்

டெல் அவீவில் ஆங்கிலம் பேசியே காலம் தள்ளலாம். இருந்தாலும் ஹம்முஸ் கடை நெரிசலில் நீண்ட வாக்கியம் எடுபடாது. ‘எஃப்ஷார்’ என்றால் கிடைக்குமா, முடியுமா என்று பொருள். ஹீப்ருவில் ‘எனக்கு வேண்டும்’ என்று சொல்ல ஆணுக்கு ஒரு வினை, பெண்ணுக்கு ஒரு வினை. எஃப்ஷார் போட்டால் அந்தக் குழப்பமே இல்லை. “எஃப்ஷார் மயிம்?” தண்ணீர் கிடைக்குமா. “எஃப்ஷார் ஹெஷ்போன்?” பில் கிடைக்குமா.

‘இம்’ என்றால் உடன், ‘ப்ளி’ என்றால் இல்லாமல். ‘ஹரீஃப்’ காரம், ‘பஸார்’ இறைச்சி, ‘பெய்ட்சா’ முட்டை. இவற்றைச் சேர்த்துக்கொண்டே போகலாம்: ப்ளி பஸார், இம் பெய்ட்சா. ‘ஸ்லிஹா’ என்றால் மன்னிக்கவும். பரிமாறுபவரைக் கூப்பிடவும் இதே வார்த்தைதான். ‘தொதா’ நன்றி.

சட்டைப்பையில் கொஞ்சம் ஷேக்கல் நோட்டும் சில்லறையும் இருக்கட்டும். அட்டை எங்கும் ஓடும். ஆனால் டிப் வைக்கும்போது ரொக்கம் தேவைப்படும்.

4. உட்காரும்போது

ஹம்முஸ் கடையில் யாரும் உங்களை அழைத்துப் போய் உட்கார வைக்க மாட்டார்கள். காலி நாற்காலி தெரிந்தால் அருகில் இருப்பவரிடம் “பனூய்?” என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். ‘காலியா’ என்று அர்த்தம். முன்பின் தெரியாதவரோடு ஒரே மேசையில் சாப்பிடுவது இங்கே சாதாரணம். நான்கு பேர் சேர்ந்து உட்காரத்தான் வேண்டும் என்று வாசலில் காத்திருந்தால் பின்னால் வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுப் போய்விடுவார்கள்.

ஷிபுதியாவில் வாசலில் நின்று எத்தனை பேர் என்று சொல்லுங்கள். வியாழன் இரவும் வெள்ளி மதியமும் கூட்டம் நெரியும், முன்கூட்டியே அழைத்துச் சொல்லிவிடுவது நல்லது. கோஷர் கடைகளில் சாப்பிடும் இடத்திலேயே ஒரு கைகழுவும் தொட்டியும், இரண்டு கைப்பிடி வைத்த குவளையும் இருக்கும். ரொட்டி தொடும் முன் சடங்காகக் கை கழுவ அந்தக் குவளை. நீங்களும் அங்கே கை கழுவலாம், ஆனால் குவளையில் தண்ணீர் பிடித்துக் குடிக்காதீர்கள்.

ஒரு சைகையைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் கையைத் தூக்கிக் கூப்பிட்டதும் பரிமாறுபவர் ஐந்து விரல்களையும் மேல்நோக்கிக் குவித்து லேசாக அசைப்பார். நம் கண்ணுக்கு அது ‘சாப்பாடா?’ என்று கேட்பது போலத் தெரியும். “ஆமாம், சாப்பாடுதான்” என்று தலையாட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதன் பொருள் ‘ரெகா’, ஒரு நிமிஷம் பொறுங்கள். கோபமும் இல்லை, கேள்வியும் இல்லை. பொறுத்தால் வந்துவிடுவார்.

5. ஹம்முஸ் கடையில் ஆர்டர் செய்வது

பட்டியல் சின்னது. வெறும் ஹம்முஸ், அதாவது கடலை விழுதின் நடுவே தஹினியும் (அரைத்த எள் விழுது) எண்ணெயும். ‘ஃபூல்’ போட்டது, அதாவது வெந்து குழைந்த பழுப்பு மொச்சை. ‘மசபாஹா’, இதில் கடலையைப் பாதி முழுதாகவே விட்டுத் தஹினியில் புரட்டிச் சூடாகத் தருவார்கள். மூன்றும் ஒரே தட்டில் வேண்டுமானால் பல கடைகளில் ‘மெஷுலாஷ்’ என்று கேட்கலாம், மும்மை என்று பொருள். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். எது உங்களுக்குப் பிடிக்கும் என்பது ஒரே தட்டில் தெரிந்துவிடும்.

ஆளுக்கு ஒரு தட்டு சொல்வதுதான் பொதுவான தவறு. ஹம்முஸைத் தொட்டுக்கொள்ளும் சட்னி மாதிரி நினைத்து, கூடவே ஃபலாஃபல் (பொரித்த கடலை உருண்டை), உருளைக்கிழங்கு, சாலட் என்று அடுக்குகிறார்கள். இங்கே ஹம்முஸ்தான் சாப்பாடு. கடலையும் எள்ளும் எண்ணெயும் பீட்டாவும் சேர்ந்தால் வயிறு கல் மாதிரி ஆகிவிடும். மூன்று பேருக்கு இரண்டு தட்டும் ஒரு சின்னத் தட்டு ஃபலாஃபலும் போதும். போதாவிட்டால் இன்னொரு தட்டு இரண்டே நிமிடத்தில் வந்துவிடும்.

சொல்லாமலேயே வருபவை: பீட்டா, ஊறுகாய், நாலாக வெட்டிய பச்சை வெங்காயம். பூண்டும் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கலந்த நீர்த்த சாறு ஒரு கிண்ணத்தில் இருக்கும். வெங்காயத்தை அலங்காரம் என்று ஒதுக்கிவைக்காதீர்கள், அதற்கு வேலை இருக்கிறது.

6. ஹம்முஸைத் துடைப்பது

இந்த ஊர்க்காரர்கள் ஹம்முஸைச் ‘சாப்பிடுவதில்லை’, ‘துடைக்கிறார்கள்’. வினைச்சொல்லே ‘லெனகேவ்’, துடைப்பது. கையால் சாப்பிட்டுப் பழகிய நமக்கு இது எளிது, ஆனாலும் ஒரு நுட்பம் உண்டு.

பீட்டாவில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழியுங்கள். தட்டின் விளிம்பில் ஆரம்பித்து, மணிக்கட்டைச் சுழற்றியபடி நடுவை நோக்கி இழுங்கள். விளிம்பில் இருப்பது கெட்டி விழுது, நடுக்குழியில் இருப்பது தஹினியும் எண்ணெயும். இப்படி இழுத்தால் ஒவ்வொரு வாயிலும் இரண்டும் சேரும். புதியவர்கள் நேராக நடுவில் குத்தி எடுப்பார்கள். ஐந்து நிமிடத்தில் எண்ணெய் தீர்ந்து, சுற்றிலும் வறண்ட விழுது மட்டும் மிஞ்சும்.

வெங்காயத்தை இதழ் இதழாகப் பிரித்து, ரொட்டிக்குப் பதில் அதையே கரண்டி போல வைத்து அள்ளுங்கள். பாதித் தட்டுக்கு மேல் நாக்கு சலிக்கும்போது வெங்காயத்தின் உறைப்பும் நீரும் வழி திறந்துவிடும். பூண்டுச் சாற்றை முதலிலேயே முழுக்க ஊற்றாமல், கடைசிப் பாதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தட்டில் இரண்டு ருசி கிடைக்கும்.

7. ஷிபுதியாவில் பொறுமை

கார்மெல் சந்தையை ஒட்டிய கெரெம் ஹதெய்மானிம் பகுதியிலும், நகரின் தெற்கே ஹதிக்வா பகுதியின் எட்செல் தெருவிலும் இந்த வகைக் கடைகள் உண்டு.

உட்கார்ந்ததும் நீங்கள் கேட்காமலேயே பத்துப் பதினைந்து சின்னத் தட்டுகள் வந்து மேசையை நிரப்பும். இவற்றுக்கு ‘சலதிம்’ என்று பெயர். வறுத்த கத்தரிக்காய், தஹினியில் மசித்த கத்தரிக்காய், தக்காளியும் மிளகாயும் சுண்டக் காய்ச்சிய மத்பூஹா, சீரகம் போட்ட கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், ஹம்முஸ். கூடவே அடுப்பிலிருந்து இறக்கிய ‘லாஃபா’ ரொட்டி. “இதெல்லாம் நாங்கள் சொல்லவில்லையே, காசு ஏறிவிடுமோ” என்று தயங்கித் தொடாமலேயே இருந்துவிடுகிறார்கள் சிலர். பெரும்பாலான கடைகளில் முக்கிய உணவு ஒன்று சொன்னாலே சலதிம் அதோடு சேர்ந்தது, காலியானால் திரும்பவும் தருவார்கள். சில இடங்களில் தலைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் உண்டு. ஆகவே முதல் தட்டு மேசையில் இறங்கும்போதே “கலூல்?” என்று கேட்டுவிடுங்கள். சேர்ந்ததா என்று அர்த்தம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பசியில் ரொட்டியையும் சலதிமையும் வளைத்துக் கட்டிவிட்டு, இறைச்சி வரும்போது வயிற்றில் இடமில்லாமல் விழிப்பது. ஒவ்வொரு தட்டிலும் ஒரு வாய் ருசி பாருங்கள், பிடித்த மூன்றை மட்டும் கைக்கு அருகில் இழுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை எடுத்துப்போகச் சொன்னாலும் தப்பில்லை. லாஃபாவை ஆறவிடாதீர்கள், ஆறினால் தோல் மாதிரி இழுக்கும்.

இறைச்சியைக் கம்பிக் கணக்கில் சொல்லலாம். முதல் சுற்றில் ஆளுக்கு ஒன்று, தேவைப்பட்டால் இரண்டாவது சுற்று. கரியிலிருந்து இறங்கிய பத்து நிமிடத்துக்குள் அதன் சுகம் போய்விடும், மொத்தமாக வரவழைத்துக் குவிப்பதில் லாபமில்லை. ‘பர்கீத்’ என்பது எலும்பு நீக்கிய கோழித்தொடை. காயாமல், மெத்தென்று இருக்கும். முதல் தடவைக்கு அதுவே பாதுகாப்பான தேர்வு.

ஞாயிறு முதல் வியாழன் வரை மதிய வேளையில் பல உணவகங்களில் ‘இஸ்கீத்’ என்று ஒன்று உண்டு. முன்னுணவும் முக்கிய உணவும் சேர்ந்த மதியச் சலுகை. பட்டியலில் அது தனித் தாளாக இருக்கும், கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள் சில கடைகளில்.

8. காரமும் ஆம்பாவும்

ஹரீஃப் என்று பச்சையாக வருவது ‘ஸ்ஹூக்’, ஏமன் யூதர்கள் கொண்டுவந்தது. பச்சை மிளகாய், கொத்தமல்லி, பூண்டு. நம் துவையலின் நெருங்கிய சொந்தம். நம் ஆட்கள் இதைப் பார்த்ததும் ஆசையாக அள்ளுவார்கள். பச்சை மிளகாய் வேகாமல் இருக்கும், ஒரு நுனி தொட்டுப் பார்த்துவிட்டு அள்ளுங்கள்.

மஞ்சளாக வழியும் ஆம்பா மாங்காயில் செய்தது, வெந்தயம் தூக்கலாக இருக்கும். பீட்டாவுக்குள் கத்தரிக்காயும் அவித்த முட்டையும் வைத்த சபீக்கில் அது இல்லாமல் ருசிக்காது. ஆனால் சட்டையில் பட்டால் மஞ்சள் கறை போகாது, வெந்தய வாசம் மறுநாள் வரை வியர்வையில் தெரியும். மாலையில் முக்கியமான சந்திப்பு இருந்தால் ‘ப்ளி ஆம்பா’.

9. சைவம், மாட்டிறைச்சி, ஒவ்வாமை

சைவத்துக்கு ‘ட்சிம்ஹோனி’, பாலும் முட்டையும் வேண்டாதவர்களுக்கு ‘திவோனி’. ஃபலாஃபல், ஹம்முஸ், ஃபூல், பெரும்பாலான சலதிம் எல்லாம் திவோனிதான். ஆனால் வெள்ளையாகத் தெரியும் சில சலதிம் முட்டைச் சேர்த்த மயோனைஸில் பிசைந்தவை. சூப்பையும் சோற்றையும் மட்டும் தனியாக விசாரியுங்கள், கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். ‘ஹம்முஸ் பஸார்’ என்றால் மேலே கொத்துக்கறி இருக்கும். சொல்லின் பின்பாதியைக் கவனிக்காமல் வரவழைத்து, அப்படியே தள்ளிவைத்த தட்டுகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கபாப்பைத் தவிருங்கள், அதில் மாடும் ஆடும் கலந்திருப்பது வழக்கம். ஷவர்மா அநேகமாக வான்கோழி, சில இடங்களில் ஆட்டுக்கொழுப்பு சேர்ப்பார்கள். வான்கோழிக்கு ஹீப்ருவில் ‘ஹோது’. இந்தியாவுக்கும் அதே சொல்தான். “ஹோது?” என்று கேட்டால் ஊரை விசாரிக்கிறார்கள் என்று மகிழ்ந்து தலையாட்டாதீர்கள், தட்டில் வான்கோழி வந்துவிடும்.

எள் ஒவ்வாமை உள்ளவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். தஹினி என்பதே அரைத்த எள். ஹம்முஸுக்குள் இருக்கிறது, ஃபலாஃபல் மேல் ஊற்றுகிறார்கள், கத்தரிக்காயில் கலக்கிறார்கள், அல்வாவே அதில்தான் செய்கிறார்கள். ‘மேலே ஊற்ற வேண்டாம்’ என்பது போதாது. ‘சும்சும்’ என்ற சொல்லைச் சொல்லி, ஒவ்வாமை என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஹம்முஸ் கடையை இவர்கள் விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

10. குடிக்க

பாட்டில் தண்ணீருக்குக் காசு. “மேய் பெரெஸ்” என்று கேட்டால் குழாய்த் தண்ணீரை ஜாடியில் கொண்டுவருவார்கள், தாராளமாகக் குடிக்கலாம். எலுமிச்சையும் புதினாவும் அடித்த ‘லிமோனானா’ ஹம்முஸுக்குப் பிறகு நன்றாக இருக்கும். கருப்புக் காபியில் தூள் வடிகட்டாமல் அடியில் தங்கும். கலக்கிவிட்டுக் குடிக்காதீர்கள், கடைசி விரலளவை விட்டுவிடுங்கள்.

11. பில், டிப், கிளம்புவது

பில் தானாக வராது. நீங்கள் கேட்கும் வரை உங்களை எழுப்புவது போல யாரும் நடக்க மாட்டார்கள். ஆனால் வாசலில் வரிசை நிற்கும் ஹம்முஸ் கடையில், முடிந்ததும் எழுந்துவிடுவதுதான் முறை.

பட்டியலில் உள்ள விலையில் வரி சேர்ந்தே இருக்கிறது. 2025 ஜனவரி முதல் அந்த வரி 18 சதவீதம். பில்லில் அது தனி வரியாக அச்சாகியிருப்பதைப் பார்த்துச் சேவைக் கட்டணம் வாங்கிவிட்டார்கள் என்று நினைத்து, டிப் வைக்காமல் எழுந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. சேவைக்கான பணம் பெரும்பாலும் பில்லில் இல்லை. மேசைக்கு வந்து பரிமாறும் கடையில் 10 முதல் 15 சதவீதம் வரை வைப்பது வழக்கம். 240 ஷேக்கல் பில்லுக்கு 30 ஷேக்கல் வைத்தால் சரியாக இருக்கும். பரிமாறுபவர்களின் வருமானத்தில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது. கல்லாவில் நீங்களே வாங்கிச் சாப்பிடும் இடத்தில் இது கட்டாயமில்லை, சில்லறையைப் பெட்டியில் போட்டால் போதும்.

அட்டையில் டிப் சேர்க்க வேண்டுமானால், இயந்திரத்தில் தொகையை அடிக்கும் முன்பே சொல்லுங்கள். அடித்தபின் பல கடைகளில் மாற்ற முடியாது. அட்டையை வாங்கிக்கொண்டு “கமா தஷ்லுமிம்?” என்று கேட்கலாம். எத்தனை தவணை என்று கேட்கிறார்கள், இங்கே சாதாரணக் கடைகளிலும் தவணை உண்டு. “எஹாத்”, ஒன்று, என்று சொல்லிவிடுங்கள்.

மிஞ்சிய இறைச்சியைக் கட்டித் தரச் சொல்லலாம்: “எஃப்ஷார் லெ-எரோஸ்?” திரும்பத் திரும்ப நிரப்பித் தந்த சலதிமைக் கட்டித் தரச் சொல்வது பொதுவாக வழக்கமில்லை. லாஃபா மிஞ்சியிருந்தால் அதைக் கேளுங்கள், தருவார்கள். மறுநாள் காலை வாணலியில் இரண்டு புறமும் சூடுகாட்டினால் பழையபடி மிருதுவாகிவிடும்.